பெட்டிக்குள் ஒரு பெட்டி!

"கண்ணு, தலைத் திவசத்துக்குள்ள அப்பாவோட புஸ்தகம் வந்துடும்ல?"

அம்மா கேட்டதும் திருதிருவென விழித்தேன். தர்மபுரியில் அப்பா டி.டி.பி. சென்டர் வைத்திருந்த காலம். ஊர்க் கதைகளையெல்லாம் எழுதி, 2003-ல் தானே பேஜ்மேக்கரில் அடித்து வைத்திருந்தார். யூனிகோடு பரவாத நேரம் அது. அந்தந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் 'அம்மா' கூட ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும்!

அவருடைய கம்ப்யூட்டர் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம், ஃபைல்களும் ஃபாண்டும் எக்ஸ்.பி., பேஜ்மேக்கர் சி.டி.களும்தான். என்னிடம் இருப்பதோ விண்டோஸ் 11.

"வர்ச்சுவல் மெஷின் போடுங்கண்ணே. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர்!" என்றான் ரிப்பேர் கடைத் தம்பி. அதாவது, வீட்டுக்காரர் விண்டோஸ் 11, குடித்தனக்காரர் எக்ஸ்.பி.!

எதைப் போடுவது? மூன்று பேர் களத்தில்.

ஹைப்பர்-வி: மைக்ரோசாஃப்ட்டின் சொந்தப் பிள்ளை. விண்டோஸ் 'புரோ'வில் உண்டு, 'ஹோம்' பதிப்பில் இல்லை. என்னுடையது ஹோம். அவுட்!

வி.எம்.வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோ: முன்பு காசு. 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். இறக்கிக்கொள்ள பிராட்காம் தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

விர்ச்சுவல்பாக்ஸ்: ஆரக்கிளுடையது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் கடையில் போட்டாலும் காசில்லை. ஆனால் தனியாக இறக்க வேண்டிய 'எக்ஸ்டென்ஷன் பேக்' சொந்த உபயோகம், கல்வி போன்றவற்றுக்குத்தான் இலவசம். வியாபாரிகள் உஷார்!

"எதுப்பா ஒசத்தி?"

"அதை விடுங்கண்ணே. குடிவர்றவருக்கு என்ன வேணும், வீட்ல எவ்வளவு இடம் இருக்கு? அதைப் பாருங்க."

நியாயம்தான். என்னிடம் 8 ஜி.பி. மெமரி. எக்ஸ்.பி.க்கு 1 ஜி.பி. தாராளம். விர்ச்சுவல்பாக்ஸே போதும் என்று முடிவு செய்தேன். முதலில் கிளம்ப மறுத்தது. பயாஸில் 'வர்ச்சுவலைசேஷன்' அணைந்திருந்ததாம். போட்டதும் ஓடியது. எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டதால், உள்ளே இன்டர்நெட் கனெக்ஷன் கட். எல்லாம் சரியானதும் ஒரு 'ஸ்னாப்ஷாட்'. பிறகு எதைச் சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

ஃபைலைத் திறந்தேன். முதல் பக்கம். முத்து முத்தாகத் தமிழ்!

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள் அம்மா.

"'பாலக்கோடு'ல ஒரு 'க்' விட்டுட்டாரும்மா. திருத்திடட்டுமா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வேணாம் கண்ணு. அவரு அப்படித்தான் எழுதுவாரு."