கணிப்பொறியில் இடம் போவது எங்கே?

வைகை அணையைக் காணாத அங்கத்தினர் நம்மில் எவரும் இரார். 1959 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்வணையில் நீர்மட்டம் 71 அடியை எட்டும்போது அணை நிறைந்துவிட்டதென்று மகிழ்கிறோம். ஆயினும், ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலும் மணலும் அடியிலே படிந்து, நீருக்குரிய இடத்தைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொள்கின்றன. ஆகவே, அளவுகோல் அதே 71 அடியைக் காட்டினாலும் அன்று நின்ற நீர் இன்று நிற்பதில்லை. மேலே பார்ப்பவருக்கு இது தெரிவதில்லை. அடியை அளந்து பார்ப்பவருக்கே தெரியும்.

நம் சங்க அலுவலகங்களில் உள்ள கணிப்பொறிகளிலும் இத்தகைய வண்டல் படிகிறது. “சி டிரைவில் இடம் இல்லை” என்று பொறி முறையிடுகிறது. வேண்டாதவை என்று தோன்றியவற்றைச் சிப்பந்திகள் அழிக்கிறார்கள். சில நாட்களில் மீண்டும் அதே முறையீடு. யாரும் எதுவும் சேர்க்கவில்லை. இடமோ போய்க்கொண்டே இருக்கிறது. இதன் காரணத்தைக் கண்டறியும் வழியை, நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறோம்.

இது கணிப்பொறி வல்லுநர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று அங்கத்தினர்கள் ஒதுங்கிவிடலாகாது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. நெசவாளரின் கூலியும், விவசாயியின் கடன் பாக்கியும், பங்குத்தொகையும் இன்று பேரேட்டுத் தாளில் இல்லை, பொறிக்குள் இருக்கின்றன. பேரேட்டைக் கரையான் அரித்தால் வருந்துகிற நாம், பொறிக்குள் நடப்பதையும் அறிந்திருத்தல் அவசியம்.

கூலி நாளன்று நேர்ந்தது

ஆண்டிபட்டி வட்டாரத்தில் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று. நூல் வழங்கியது, சேலை வரவு வைத்தது, கூலி, சேமிப்புப் பிடித்தம் ஆகிய அனைத்தும் ஒரே கணிப்பொறியில் பதிவாகின்றன. ஒரு சனிக்கிழமையன்று வங்கிக்கு அனுப்ப வேண்டிய கூலிப் பட்டியலை ஆயத்தம் செய்யும்போது, இடம் போதவில்லை என்று பொறி நின்றுவிட்டது. குமாஸ்தா பழைய சேலைக் கரை மாதிரிகளின் படங்களை அழித்து 8 ஜி.பி. இடம் உண்டாக்கினார். பட்டியல் போய்ச் சேர்ந்தது. நான்கே இரவுகளில் அந்த 8 ஜி.பி.யும் மறைந்தது. அடுத்த சனிக்கிழமையன்று கூலிப் பட்டியல் போகவில்லை.

நாம் அங்கே சென்ற அன்று, வாயிற்படியில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் குமாஸ்தாவை நோக்கி, “தம்பி, சேலைய அறுத்துக் கொடுத்து எட்டு நாளாச்சு. பெட்டியில எடமில்லைங்கிறீங்க. எங்க வீட்டுப் பானையில என்னப்பா இருக்கு?” என்று கேட்டார். அதற்கு மறுமொழி கூற அங்கிருந்தவர்களால் இயலவில்லை.

வைரஸ் புகுந்துவிட்டது என்றார் ஒருவர். சோதித்ததில் அப்படி ஒன்றும் இல்லை. பெரிய டிஸ்க் வாங்கிவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் கொண்டுவர எண்ணினார் மற்றொருவர். இடம் எப்படிப் போகிறது என்று அறியாமல் பெரிய டிஸ்க் வாங்குவது, ஓட்டையை அடைக்காமல் பெரிய குடம் வாங்குவதாகும். சில மாதங்கள் தாங்கும். பிறகு அதுவும் கைவிடும்.

அழிப்பதற்கு முன் அளத்தல்

முதலில், எதையும் அழிப்பதில்லை என்று முடிவு செய்தோம். பழைய சுற்றறிக்கைகளின் நகல்களை ஒரு வெளி டிஸ்க்குக்கு மாற்றி, 12 ஜி.பி. இடம் கண்டோம். அந்த இடத்தைக் கொண்டு கூலிப் பட்டியலை அன்றே அனுப்பச் செய்தோம். அடுத்து, நாள்தோறும் அலுவலகம் மூடும்போதும் காலையில் திறக்கும்போதும், மீதியுள்ள இடத்தைக் கரும்பலகையில் எழுதி வரச் சொன்னோம்.

திங்கள் மாலை 12.0, செவ்வாய் காலை 9.9. செவ்வாய் மாலை 9.8, புதன் காலை 7.7. பகல் முழுதும் குமாஸ்தா வேலை செய்தும் இடம் குறையவில்லை என்றே சொல்லலாம். ஒருவரும் இல்லாத இரவிலேயோ 2 ஜி.பி. போயிற்று! புதன் இரவு காற்றும் மழையுமாக இருந்து, பத்து மணிக்கே மின்சாரம் நின்றது. பாட்டரியும் தீர்ந்து பொறி அணைந்துவிட்டது. அன்று மாலை 7.6, வியாழன் காலையிலும் 7.6. வியாழன் இரவு பொறி ஓடியது. மீண்டும் 2 ஜி.பி. குறைந்தது. ஆகவே, குற்றவாளி இரவு பத்து மணிக்குப் பின் பொறிக்குள்ளே வேலை செய்கிறான் என்பது வெளிப்படையாயிற்று.

இடம் எங்கே போயிற்று என்பது அடுத்த வினா. டிஸ்க்கின் மொத்த அளவு 238 ஜி.பி. கண்ணுக்குத் தெரிந்த கோப்புறைகளை எல்லாம் கூட்டினால் 80 ஜி.பி.க்கு மேல் வரவில்லை. எஞ்சிய 150 ஜி.பி. எங்கே? இவ்விடத்திலேதான் பலர் திகைத்துவிடுகிறார்கள். சாதாரணப் பயனாளராக நுழைபவருக்கு எல்லா அறைகளையும் பொறி திறந்து காட்டுவதில்லை. காட்டாத அறையின் அளவு கூட்டலிலும் சேர்வதில்லை. நிர்வாகி உரிமையுடன் நுழைந்து, ‘வின்டிர்ஸ்டாட்’ போன்ற அளவிடும் மென்பொருளை இயக்கினால் கோப்புகள் பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுகின்றன. அவ்வாறே செய்தோம். தரவுத்தள அறையில் இரண்டு கோப்புகள் இருந்தன. சங்கத்தின் கணக்கு முழுவதையும் கொண்ட கோப்பு 2 ஜி.பி.; அதன் அருகே இருந்த மற்றொன்று 150 ஜி.பி.!

மூடப்படாத நாள்வழி

அதைக் கண்டதும் குமாஸ்தாவின் கை அழிக்கும் பொத்தானுக்குப் போயிற்று. தடுத்தோம். அந்தப் பெரிய கோப்பு குப்பையன்று. அதற்கு ‘லாக்’ என்று பெயர். நம் வழக்கில் சொன்னால் நாள்வழி. கணக்கில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுத்தளம் முதலில் நாள்வழியில் எழுதிய பின்னரே பேரேட்டில் ஏற்றுகிறது. பதிவின் நடுவே மின்சாரம் நின்றுவிட்டால், பொறி மீண்டும் எழுந்ததும் நாள்வழியைப் படித்து, முற்றுப்பெற்றவற்றைக் காத்து, அரைகுறையானவற்றை நீக்கிவிடுகிறது. அக்கோப்பைப் பிடுங்கி எறிந்தால் பேரேடே திறவாமற் போகக் கூடும். அங்கத்தினர் அனைவருடைய கணக்கும் ஒரு விரல் நுனியில் இருந்த நேரம் அது.

அப்படியானால் நாள்வழி இவ்வளவு பெருத்தது ஏன்? மூன்று மாதங்களுக்கு முன் புதிய மென்பொருளை நிறுவியவர்கள், தரவுத்தளத்தை ‘முழு மீட்பு’ முறையில் அமைத்திருந்தார்கள். இம்முறையில் எந்த நேரத்து நிலைக்கும் கணக்கைத் திருப்பிக் கொண்டுவர இயலும், நல்ல முறையே. ஆனால், நாள்வழிக்கென்று தனியே காப்பு நகல் எடுத்தால்தான் பழைய பக்கங்களின் மேல் மீண்டும் எழுதத் தரவுத்தளம் சம்மதிக்கும். கணக்கின் முழு நகலை நாள்தோறும் எடுத்தாலும் போதாது. இச்சங்கத்தில் முழு நகல் மட்டுமே எடுக்கப்பட்டு வந்தது. நாள்வழியோ தொடங்கிய நாளிலிருந்து மூடப்படவே இல்லை.

போதாக்குறைக்கு, தேடும் அட்டவணைகளை முற்றிலும் புதிதாகக் கட்டும் வேலை இரவு பதினொரு மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. அங்கத்தினர் ஒரு சேலைகூடக் கொடுக்காத நாளிலும் இவ்வேலை நடக்கும். அதன் ஒவ்வோர் அடியும் நாள்வழியில் ஏறும். இரவுக்கு 2 ஜி.பி. போனதன் இரகசியம் இதுவே. எழுபத்தைந்து இரவுகளில் 150 ஜி.பி. சேர்ந்துவிட்டது.

நோய் தெரிந்தபின் மருந்து எளிது. கணக்கின் முழு நகலை முதலில் வெளி டிஸ்க்கில் எடுத்தோம். அதை வேறொரு கணிப்பொறியில் திறந்து, கடந்த வார நூல் வழங்கல் கூட்டுத்தொகை காகிதச் சீட்டுகளோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்தோம். பின்னர் மென்பொருள் நிறுவியவர்களையே அழைத்து, நாள்வழிக்கு ஒழுங்காக நகல் எடுக்கவும், அட்டவணை வேலையை வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைக்கவும் செய்தோம். நகல் எடுத்தாலும் பெருத்த கோப்பு தானாக மெலிவதில்லை. அதைச் சுருக்கும் கட்டளையை ஒரு முறை கொடுத்தார்கள். 150 ஜி.பி.யாக இருந்தது 4 ஜி.பி. ஆயிற்று. செலவு, வெளி டிஸ்க்கின் விலை மட்டுமே. ஆனால், முதல் வாரத்தில் அவசரமாக அழித்த கரை மாதிரிகளின் படங்களுக்கு வேறு நகல் இல்லை. அவை திரும்பி வரவே இல்லை.

டொயோட்டா கண்ட பாடம்

இவ்வாறு நேர்வது சிறிய சங்கங்களில் மட்டும்தானோ என்று எண்ண வேண்டாம். ஜப்பானில் டொயோட்டா கம்பெனியின் பதினான்கு தொழிற்சாலைகள் 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 ஆம் தேதி நின்றன. உதிரிப் பாகங்களுக்கு உத்தரவு அனுப்பும் கணிப்பொறிகளில், இரு நாட்களுக்கு முன் பராமரிப்பு வேலை நடந்தது. தரவுத்தளத்தில் சேர்ந்தவற்றை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதாமல் பிழை நேர்ந்தது. மாற்றாக வைத்திருந்த கணிப்பொறிகளும் அதே அமைப்பைச் சேர்ந்தவை. ஆகையால் அவற்றிலும் அதே கோளாறு நேர்ந்து, மாற்ற இயலவில்லை. கூடுதல் இடமுள்ள கணிப்பொறிக்குத் தரவை மாற்றிய பின்னரே வேலை தொடங்கிற்று.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? மூலம் இருக்கும் இடத்திலேயே மாற்றையும் வைத்தால், அது மாற்று ஆகாது. மேலே கூறிய நெசவாளர் சங்கத்திலும் நாள்தோறும் எடுத்த நகல் அதே டிஸ்க்கில்தான் இருந்தது. டிஸ்க் பழுதானால் மூலமும் நகலும் சேர்ந்தே போகும். விதைநெல்லையும் உண்ணும் நெல்லையும் ஒரே குதிரில் வைக்கும் உழவர் உண்டோ?

பள்ளத்தாக்கின் விவசாயச் சங்கங்களில்

நிற்க. இடம் போவதற்கு நாள்வழி ஒன்றே காரணம் என்று கொள்ளலாகாது. உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம், கூடலூர்ப் பகுதிகளில் பெரியாற்று நீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக நிலங்களில் முதல் போகம் தொடங்கும் வேளையில், கடன் மனுக்களோடு சிட்டா, அடங்கல் நகல்கள் குவியும். அவற்றை ஸ்கேன் செய்யும் முறையில் பெருத்த வேறுபாடு உண்டு. ஒரு ஏ4 தாளை வண்ணத்தில், அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் எடுத்தால், சுருக்குவதற்கு முன் அதன் அளவு ஏறத்தாழ 100 எம்.பி. அதே தாளைக் கறுப்பு வெள்ளையில் 200 புள்ளி வீதம் எடுத்தால் அரை எம்.பி.யே ஆகும். எழுத்தைப் படிக்கப் பின்னது போதும். ஒரு தாளுக்கு இருநூறு தாளின் இடத்தை நாமே கொடுத்துக்கொண்டு, இடம் எங்கே போயிற்று என்று கேட்பது முறையாகாது.

மற்ற இடங்களையும் சுருங்கச் சொல்லுவோம். அழித்தவை குப்பைத் தொட்டியில் தங்கியிருக்கும். தொட்டியைக் காலி செய்யும்வரை இடம் மீளாது. விண்டோஸைப் புதுப்பித்த பின் பழைய பதிப்பு ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற பெயரில் சில நாட்கள் கிடக்கும். மீட்புப் புள்ளிகள் மறைவாக இடம் கொள்ளும். அவற்றுக்கு எல்லை வகுக்கலாம். அலுவலகக் கணிப்பொறியில் வாட்ஸ்அப் திறந்து வைத்திருந்தால், வாழைத்தார்ப் படங்களும் திராட்சைத் தோட்டப் படங்களும் தாமாகவே வந்து இறங்கும்.

சிறு கோப்புகளையும் இகழலாகாது. 2004 ஜனவரியில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய ஸ்பிரிட் என்ற ஊர்தி, மூன்று வாரங்களுக்குள் பேச்சற்றுப்போய், திரும்பத் திரும்ப அணைந்து எழுந்துகொண்டிருந்தது. அதன் நினைவகத்தில் கோப்புகள் மிகுதியாகச் சேர்ந்துவிட்டதே காரணம். பூமியிலிருந்த பொறியியலார் அந்நினைவகத்தைத் தொடாமலே ஊர்தியை எழுப்பி, காரணத்தை ஆராய்ந்து, வேண்டாத கோப்புகளைப் பின்னரே நீக்கினர். அது 2010 வரை செய்தி அனுப்பியது. அழிக்குமுன் அறிதல் என்பது அங்கேயும் பயன் தந்தது.

அங்கத்தினர் கேட்க வேண்டியவை

பொதுப் பேரவையில் ஐந்தொகையை வாசிக்கும்போது, கையிருப்பு எவ்வளவு என்று கேட்கிறோம். இனி மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்போமாக. கணிப்பொறியில் மீதியுள்ள இடம் மாதந்தோறும் எழுதி வைக்கப்படுகிறதா? கணக்கின் காப்பு நகல் வேறொரு டிஸ்க்கில், வேறொரு கட்டிடத்தில் இருக்கிறதா? அந்த நகலைக் கடைசியாக எவர், எந்தத் தேதியில் திறந்து சரிபார்த்தார்?

இவற்றைக் கேட்பதற்குக் கணிப்பொறிக் கல்வி வேண்டுவதில்லை. இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று பார்த்து முடி போடுகிறவர் நெசவாளர். பாவையே வெட்டி எறிபவர் அல்லர். கடைமடைக்கு நீர் வரவில்லையெனில் வாய்க்கால் நெடுகிலும் நடந்து பார்க்கிறவர் விவசாயி. அந்தப் பழக்கமே இதற்கும் போதுமானது. அந்த மூதாட்டியின் கூலி எட்டு நாள் தாமதத்துக்குப் பின் வங்கியில் வரவாயிற்று. அந்த எட்டு நாட்கள் வேறெந்தச் சங்கத்திலும் நேராதபடி பார்த்துக்கொள்வது நம் அனைவருடைய கடமையாகும்.