ஐஸ் பெட்டியில் போன ரத்தம்! இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி சிக்கிய சென்னைக் கதை

1986-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஒரு நாள் ராத்திரி, சென்னையில் இருந்து காட்பாடிக்குப் போகும் ரெயிலில் ஒரு ஐஸ் பெட்டி ஏறியது.

பெட்டிக்குள் இருந்தது ஐஸ்கிரீம் அல்ல. மனித ரத்தத்தில் இருந்து பிரித்த சீரம்!

கொண்டு போனவர் டாக்டர் நிர்மலா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி. துணைக்குக் கணவர் ராமமூர்த்தி.

"நம்ம ஊருக்கா வரும்?"

அந்த நாளில் எய்ட்ஸ் என்றால், "அது வெள்ளைக்காரன் வியாதி. நம்ம ஊருக்கா வரப்போவுது?" என்பதுதான் பேச்சு. பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் அப்படி நினைக்கவில்லை. சோதித்துப் பார்க்கும் வேலையை நிர்மலாவிடம் ஒப்படைத்தார்.

விபசார வழக்கில் பிடிபட்டு, சென்னைக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். 3 மாதத்தில் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள். கையுறைகூடக் கிடையாது. சீரத்தைத் தன் வீட்டு பிரிட்ஜில்தான் வைத்திருந்தார்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சோதனை நடந்தது. 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின. டாக்டர்கள் திகைத்துப் போனார்கள். அமெரிக்காவில் மறுபடி சோதித்தபோதும் அதே முடிவு. மே மாதம் சுகாதார மந்திரி எச்.வி.ஹண்டே தமிழக சட்டசபையில் அறிவித்தார்.

எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது மட்டும் அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தாலும் கொடுக்க மருந்து இல்லை!

தினம் ஒரு மாத்திரை

இன்று நிலைமை தலைகீழ்.

மின்சார ரெயிலில் போகிறவர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷன் தெரியும். காச நோய்க்காக 1928-ல் ஏற்பட்ட ஆஸ்பத்திரி அது. 1993-ல் இருந்து எச்.ஐ.வி. நோயாளிகளையும் கவனிக்கிறது. 2004 ஏப்ரல் 1-ந்தேதி மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் மருந்து கொடுத்த இடங்களில் அதுவும் ஒன்று.

இப்போது பெரும்பாலானவர்களுக்கு தினம் ஒரே மாத்திரைதான். கிருமி அடியோடு ஒழியாது, ஆனால் அடங்கிவிடும். ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கி, அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. கர்ப்பிணிகள் மருந்து சாப்பிட்டால் பிள்ளைக்குப் பரவுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். மாத்திரையை நடுவில் நிறுத்தினால்தான் வினை!

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ம் ஆண்டு சட்டப்படி, விவரம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் சோதனை செய்ய வேண்டும். முடிவை வெளியே சொல்லக்கூடாது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகவே வேலையை விட்டு நீக்கக்கூடாது.

அரசு ஆஸ்பத்திரி 'நம்பிக்கை மைய'த்தில் சோதனை இலவசம். 1097-க்கு போன் செய்தாலும் விவரம் சொல்வார்கள். சந்தேகப்படும்படி எதுவும் நடந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

"யாராவது பார்த்துட்டா?" என்ற பயம்தான் பலரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. 1986-ல் அந்த 6 பெண்களுக்கு மருந்து இல்லை. இன்று மருந்து காத்திருக்கிறது. ஆள்தான் வரவேண்டும்!