ஒரு கோடு... ஒன்பது ராத்திரி!

வீட்டுக்குப் புதிதாக ஒரு மிஷின் வந்தால் நாம் முதலில் ஓரங்கட்டுவது எதை? அதோடு வரும் சின்னப் புத்தகத்தைத்தான். மிக்ஸி ஆனாலும் சரி, மோட்டார் பைக் ஆனாலும் சரி, 'யூஸர் மேனுவல்' என்ற அந்த வஸ்து நேராக பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடும். மறுபடி அது வெளிச்சத்தைப் பார்ப்பது வீடு மாற்றும்போதுதான்.

நானும் அந்தக் கட்சிதான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மேனுவலை உட்கார்ந்து படித்து, அட்சரம் பிசகாமல் அதில் சொன்னபடி செய்தேன். அன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆடிட்டர் ஆபீஸ். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, தினசரி கணக்குகளை இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க ஏற்பாடு பண்ணச் சொன்னார்கள். பி.காம். படித்தவன், கம்ப்யூட்டரும் கொஞ்சம் தெரியும், காசு அதிகம் கேட்க மாட்டான் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றும் உண்மை.

லினக்ஸில் இதற்கு 'ஆர்சிங்க்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. எந்த ஃபோல்டரிலிருந்து எந்த ஃபோல்டருக்கு என்று சொன்னால் போதும். நான் படித்தது ஏதோ ஒரு இலவச சாஃப்ட்வேரோடு வந்த கையேடு. பெயர் வேண்டாம். அதில், ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தது.

ஒன்றே அல்ல. கோடு போடாவிட்டால் பெட்டி பெட்டியாகவே போய் இறங்கும். போட்டால், பெட்டியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சாமான் மட்டும் போகும். கூடவே, 'இங்கே இல்லாதது அங்கேயும் இருக்க வேண்டாம், அழித்துவிடு' என்ற உத்தரவையும் சேர்த்துவிட்டால்?

நான் கோடும் போட்டேன். உத்தரவும் சேர்த்தேன். அந்த இரண்டாவது டிஸ்க்கில், ஒரு ஜவுளிக்கடையின் போன வருஷக் கணக்கை இடம் போதவில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது மட்டும்தான் பிரதி. 'என்டர்' தட்டினேன். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை. சொன்னதைச் செய்துவிட்டது. ஜவுளிக்கடை காலி!

நல்லவேளை, வவுச்சர்கள் காகிதத்தில் இருந்தன. ஒன்பது ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினேன். ஆடிட்டர் திட்டவே இல்லை. தினம் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பொட்டலத்தில் நாலு இட்லி வாங்கி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போவார். திட்டியிருந்தால் தேவலை.

"எழுதினவன் கையை உடைக்கணும்டா!" என்று நண்பனிடம் பொருமினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "அது ஓப்பன் சோர்ஸ்டா. எழுதினவனும் உன்னை மாதிரி ஒருத்தன்தான். கையை ஏன் உடைக்கிறே? தப்பைத் திருத்தி அனுப்பு."

திருத்தி அனுப்புவதா? நானா? அப்போதுதான் இந்த மேனுவல்களின் ஜாதகத்தையே புரட்ட ஆரம்பித்தேன்.

●

லினக்ஸுக்குத் தாத்தா யூனிக்ஸ். அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் இருக்கும் பெல் லேப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கியது. அவர்களுக்கு ஒரு புது கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. சும்மா கேட்டால் மேலிடம் தருமா? பேட்டன்ட் டிபார்ட்மென்ட் தன் மனுக்களை டைப் அடிக்க வசதி இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. வரிக்கு வரி நம்பர் போட்டு அடித்துத் தருகிறோம் என்று அந்தப் பக்கம் கைகொடுத்துத்தான் யூனிக்ஸ் ஆபீஸுக்குள் காலூன்றியது. ஆக, அதன் முதல் உத்தியோகமே குமாஸ்தா உத்தியோகம்தான்!

யூனிக்ஸின் முதல் மேனுவலில் போட்டிருக்கும் தேதி 3 நவம்பர் 1971. ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பக்கம். பெயர், உபயோகிக்கும் விதம், விளக்கம்... கூடவே 'பக்ஸ்' என்று ஒரு தலைப்பு. அதாவது 'இதில் உள்ள ஓட்டைகள்'. நம்முடைய மிக்ஸி கம்பெனி தன் புத்தகத்தில் 'இந்த மிக்ஸியின் குறைகள்' என்று ஒரு அத்தியாயம் வைக்குமா? அவர்கள் வைத்தார்கள். இன்றைக்கும் லினக்ஸில் 'மேன்' என்று தட்டி ஒரு கட்டளையின் பெயரைச் சொன்னால், பெரும்பாலும் அதே வரிசையில்தான் பக்கம் வந்து நிற்கிறது.

இந்த 'பக்ஸ்' பகுதியில் குறும்பும் உண்டு. 1983-ல் வந்த பெர்க்லி யூனிக்ஸில், டிஸ்க்கை ட்யூன் பண்ணும் ஒரு கட்டளைக்கு, 'ஃபைல் சிஸ்டத்தை ட்யூன் பண்ணலாம், மீனை ட்யூன் பண்ண முடியாது' என்று ஒரு கடி ஜோக். ட்யூனா மீனை வைத்துச் சிலேடை! அதை யாராவது எடுத்தால் 2038-ம் வருஷம் வரை பூதம் துரத்தும் என்று உள்ளே ஒரு மிரட்டல் வேறு. 2038, பழைய யூனிக்ஸ் கடிகாரங்களின் நம்பர் தீர்ந்துபோகும் வருஷம்.

●

பி.காமில் எங்களுக்குக் கணக்குப் பிழைகள் நாலு வகை என்று சொல்லிக்கொடுத்தார்கள்: விடு பிழை, செய் பிழை, விதிப் பிழை, ஈடுசெய் பிழை. பரீட்சைக்குப் பிறகு இதெல்லாம் எதற்கும் உதவாது என்று நினைத்திருந்தேன். மேனுவல்களில் நாலும் வரிசையாக வந்து நிற்கின்றன.

விடு பிழை: எழுதவேண்டியதை எழுதாமல் விடுவது. 2011-ல் 'மேன்' கட்டளைக்குள்ளேயே ஒருவர் விளையாட்டாக ஒரு வேலை செய்து வைத்தார். சரியாக ராத்திரி 12.30 மணிக்கு அதைச் சும்மா கூப்பிட்டால் 'ஆபா' குழுவின் பழைய பாட்டு ஒன்றை முனகும். மேனுவலில் ஒரு வார்த்தை கிடையாது. 2017-ல் யாரோ ஒருவருடைய சோதனைகள் நடுராத்திரியில் மட்டும் காரணமில்லாமல் தோற்க, விஷயம் வெளியே வந்து பாட்டு நிறுத்தப்பட்டது. மேனுவலைக் காட்டும் புரோகிராமுக்கே மேனுவலில் விடு பிழை!

செய் பிழை: எழுத்துப் பிழை மாதிரி. இதில் ஒரு எச்சரிக்கை. யூனிக்ஸில் புது ஃபைல் உண்டாக்கும் கட்டளையின் பெயர் 'க்ரியேட்'. ஆனால் இங்கிலீஷில் கடைசி 'ஈ' எழுத்து கிடையாது. யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்று தாம்ஸனே சொன்னதாகப் பிரசித்தம். மேனுவலில் அது தப்பாகத்தான் இருக்கவேண்டும். தப்பாக இருந்தால்தான் சரி. ஆர்வக் கோளாறில் திருத்தி அனுப்பினால் சிரிப்பார்கள்.

விதிப் பிழை: அடிப்படையே தப்பு. ரகசியச் சாவிகள் தயாரிக்க கம்ப்யூட்டருக்கு ஊகிக்கமுடியாத எண்கள் வேண்டும். லினக்ஸில் அதற்கு இரண்டு குழாய்கள்: 'ராண்டம்', 'யூராண்டம்'. முதலாவது, சரக்கு குறைகிறது என்று தோன்றினால் நின்றுவிடும். இரண்டாவது நிற்காது. முக்கியமான வேலைக்கு இரண்டாவதை நம்பாதே என்ற ரீதியில் பழைய மேனுவல் பயமுறுத்திவைத்தது. விஷயம் தெரிந்தவர்கள் 'இரண்டாவதே போதும்' என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். மேனுவலை நம்பிய புரோகிராம்களோ சொட்டாத குழாயடியில் குடத்தோடு காத்து நின்றன. பிற்பாடு அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினார்கள். 2020-ல் வந்த 5.6 கெர்னலில், ஒருமுறை தயாராகிவிட்டால் முதல் குழாயும் நிற்காதபடி மாற்றிவிட்டார்கள்.

ஈடுசெய் பிழை: இதுதான் ஆபத்து. ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைத்துவிடும். டோட்டல் டேலி ஆகும், கல்லாவில் பணம் இருக்காது. 'எஃப்சிங்க்' என்று ஒரு கட்டளை. 'நான் எழுதியதை டிஸ்க்கில் நிஜமாகவே பதித்துவிட்டாயா?' என்று கேட்பதற்கு. இதை ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். மானேஜர் கேட்கிறார்: "தம்பி, லெட்டரை போஸ்ட் பண்ணிட்டியா?" "இல்ல சார், பண்ண முடியல." சற்று நேரம் கழித்து மறுபடி கேட்கிறார். "ஆச்சு சார்!" மானேஜருக்கு நிம்மதி. உண்மையில் பையன் முதல் தடவையே லெட்டரை லிஸ்டிலிருந்து அடித்துவிட்டான். கையில் பாக்கி எதுவும் இல்லை, அதனால் 'ஆச்சு'.

லினக்ஸ் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது 2018-ல் வெளிச்சத்துக்கு வந்தது. 'போஸ்ட்கிரெஸ்' என்ற பிரபலமான டேட்டாபேஸைச் செய்பவர்கள், தோற்றால் திரும்பக் கேட்கலாம் என்று பல வருஷங்களாக நம்பியிருந்தார்கள். மேனுவலைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். 2019 பிப்ரவரியில் தங்கள் புரோகிராமை மாற்றினார்கள். இப்போது முதல் தடவை 'இல்லை' என்று பதில் வந்தாலே, அது வேலையை நிறுத்திவிட்டுக் குறிப்பேட்டிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்த்து எழுந்து வரும். டேட்டாபேஸுக்குள் இருப்பது யாருடைய கணக்கோ, யாருடைய சம்பளமோ. மேனுவலில் இல்லாத ஒரு வாக்கியத்தின் விலை அது.

●

இதையெல்லாம் யார் உட்கார்ந்து திருத்துகிறார்கள்? லினக்ஸின் முக்கியமான மேன் பக்கங்களை 2004-ல் பொறுப்பேற்று பதினாறு வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவர் நியூஸிலாந்துக்காரரான மைக்கேல் கெரிஸ்க். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். எழுதுவதற்கு முன் செய்து பார்ப்பார். 'டைமர்எஃப்டி' என்ற புது வசதிக்கு 2007-ல் மேனுவல் எழுத உட்கார்ந்தார். எழுத எழுத, வசதியின் அமைப்பே கோணல் என்று தெரிந்தது. சொன்னார். கெர்னல்காரர்கள் அதைக் கழற்றி வேறு மாதிரி செய்து மாட்டினார்கள். விளக்கம் எழுத வந்தவர் இயந்திரத்தையே திருத்திவிட்டார்!

அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் அலெஹாந்த்ரோ கோலோமார். 2024 செப்டம்பரில் அவர், சம்பளம் இல்லாமல் இத்தனை வருஷம் பார்த்தாயிற்று, இனி கட்டுப்படியாகாது, நிறுத்துகிறேன் என்று அறிவித்தார். உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகிறது. அதன் மேனுவலைத் திருத்துகிறவருக்குச் சம்பளம் போட ஆள் இல்லை! பிறகு சில பெரிய கம்பெனிகள் சேர்ந்து பணம் போட்டன, வேலை தொடர்ந்தது.

●

சரி, என் திருத்தத்துக்கு வருகிறேன். இந்த உலகத்தில் 'தப்பு சார்' என்று கடிதம் போட்டால் போதாது. பழைய வரிக்கு முன்னால் மைனஸ், புது வரிக்கு முன்னால் ப்ளஸ் போட்டு எழுதவேண்டும். டெபிட், கிரெடிட் மாதிரி. அதன் பெயர் 'பேட்ச்'. நம் சைக்கிள் கடை ஒட்டுதான்.

உற்சாகத்தில் சாய்கோட்டை மட்டுமா திருத்தினேன்? பதினாலு கமா, இரண்டு இலக்கணப் பிழை, ஒரு பாராவின் நடை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: 'ஒரு கடிதத்துக்கு ஒரு திருத்தம். எந்த வெர்ஷனில் பார்த்தீர்கள்? நீங்களே செய்து பார்த்தீர்களா?'

செய்து பார்த்தேனா! ஒன்பது ராத்திரி பார்த்தேன் ஐயா!

ரோஷத்தை அடக்கிக்கொண்டு, இரண்டு வெற்று ஃபோல்டர்களை வைத்து, கோட்டோடு ஒரு தடவை, கோடில்லாமல் ஒரு தடவை ஓட்டி, விளைவை அப்படியே எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். பழைய ஒரு வரி போய், புது மூன்று வரி வந்தது. பக்கத்தில் என் பெயரும் தேதியும். ஆடிட்டரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இனிமே எவனும் இட்லி சாப்பிட வேண்டியதில்லை" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

நாலு மாதம் கழித்து ஒரு தகவல் வந்தது. நான் எழுதிய மூன்று வரியில் ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக். யாரோ ஒரு காலேஜ் மாணவர் திருத்தியிருக்கிறார். ஒரு கடிதம், ஒரு திருத்தம், முறைப்படி. பழைய வரி மைனஸ், புது வரி ப்ளஸ். மைனஸில் இருந்தது நான்!

பி.கு.: அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் நூத், தன் புத்தகங்களில் தப்பு கண்டுபிடிப்பவர்களுக்கு 2 டாலர் 56 சென்ட் பரிசு தருவார். 256 சென்ட் ஏன்? கம்ப்யூட்டர்காரர்களின் பதினாறடிமானக் கணக்கில் அது 100. நிறைய பேர் செக்கை மாற்றாமல் ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். 2008-லிருந்து நிஜச் செக்குக்குப் பதில், இல்லாத ஒரு பேங்க்கின் பத்திரம்தான் தருகிறார். இந்தக் கட்டுரையில் தப்பு கண்டுபிடிப்பவர்களுக்கு நானும் பரிசு தருகிறேன். நாலு இட்லி. பொட்டலமாக!