நள்ளிரவில் குப்புறக் கவிழும் குழந்தை! விடிய விடிய விழித்திருக்கும் தாய்மார்கள்

திண்டிவனம்,

ராத்திரி மணி 2. வீடே தூங்குகிறது. தாய் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள்.

பக்கத்தில் 5 மாதக் குழந்தை. மல்லாக்கப் படுக்க வைத்தால் அடுத்த நிமிடமே ஒரு உருட்டு. குப்புறக் கவிழ்ந்து, கன்னத்தைப் பாயில் அழுத்திக்கொண்டு சுகமாகத் தூங்குகிறது. தாய் திருப்பிப் போடுகிறாள். மறுபடி உருட்டு. மறுபடி திருப்புகிறாள். விடிய விடிய இதே வேலை!

திண்டிவனத்தில் கைக்குழந்தை உள்ள எந்த வீட்டிலும் இந்தக் கதை உண்டு. புருஷன் காலையில் ரெயிலைப் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போகிறவராக இருந்தால் அவரை எழுப்பவும் மனசு வராது. "ராத்திரி பூரா கண்ணு மூடலைங்க. மூச்சு முட்டிடுமோன்னு பயமா இருக்கு" என்பதுதான் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் இளம் தாய்மார்களின் பேச்சு.

அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை!

கொண்டாட்டம்

குழந்தை குப்புற விழுவது நம் பக்கத்தில் ஒரு விசேஷம். சில வீடுகளில் போளி தட்டுவார்கள். சில வீடுகளில் கொழுக்கட்டை பிடித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் 5-ம் மாதத்துக்கு "செங்கீரை" என்று தனிப் பருவமே ஒதுக்கினார்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடும் பருவம் அது.

பெரும்பாலான குழந்தைகள் 4 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையில் உருளத் தொடங்குகின்றன. கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். பகலில் உருண்டால் போளி, ராத்திரியில் உருண்டால் திகில். இதுதான் வேடிக்கை.

இரண்டும் ஒன்றல்ல

குழந்தையை நாமே குப்புறப் படுக்க வைப்பது வேறு. மல்லாக்கப் போட்ட குழந்தை தானாகக் கவிழ்வது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயம்.

டாக்டர்கள் சொல்வது இதுதான்:- ஒரு வயது முடியும் வரை, பகல் தூக்கமானாலும் ராத்திரித் தூக்கமானாலும், குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். ஒருக்களித்தும் வேண்டாம். பக்கவாட்டில் படுத்த குழந்தை சுலபமாகக் குப்புறச் சாய்ந்துவிடும்.

அப்படிப் போட்ட பிறகு குழந்தை தானாகக் கவிழ்ந்தால்? மல்லாந்த நிலையிலிருந்து குப்புறவும், குப்புற இருந்து மல்லாக்கவும், இரண்டு பக்கமும் சுலபமாக உருளத் தெரிந்த குழந்தை என்றால் அப்படியே விட்டுவிடலாம். திருப்பிப் போட வேண்டியதில்லை. தாய் தூங்கலாம்!

ஒரு பக்கம் மட்டுமே உருளத் தெரியும், கவிழ்ந்த பிறகு திரும்பத் தெரியாமல் திணறுகிறது என்றால், பார்க்கும்போது மெதுவாக மல்லாக்கத் திருப்பிவிட வேண்டும். அந்தக் கட்டம் நீண்ட நாள் இருக்காது.

ஆயாவும் அமெரிக்க டாக்டரும்

"மல்லாக்கப் போட்டா கக்கின பாலு மூக்குல ஏறிடும்டீ, கவுத்துப் போடு" என்பார் வீட்டில் இருக்கும் ஆயா. "தலை தட்டையா ஆயிடும்" என்பது அவர் சொல்லும் இரண்டாவது காரணம்.

ஆயாவைக் குறை சொல்ல முடியாது. உலகப் புகழ் பெற்ற அமெரிக்கக் குழந்தை டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் சொன்னதும் இதே இரண்டு காரணங்கள்தான்! 1946-ல் வெளிவந்த அவருடைய குழந்தை வளர்ப்புப் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. 1950-களில் வந்த பதிப்பில், குழந்தையைக் குப்புறப் போடுவதே நல்லது என்று அவர் எழுதினார். மேல்நாட்டுத் தாய்மார்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

விளைவு பயங்கரமானது. நோய் நொடி இல்லாத குழந்தைகள் தொட்டிலில் தூங்கியபடியே இறந்தன. "தொட்டில் சாவு" என்று அதற்குப் பெயரே வைத்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரக் குழந்தை டாக்டர் சூசன் பீல், குழந்தையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு நேரிலேயே போனார். ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கான வீடுகள். குழந்தை எப்படிப் படுத்திருந்தது, எதில் படுத்திருந்தது என்று விசாரித்தார். குப்புறப் படுப்பதுதான் ஆபத்து என்று சொல்லத் தொடங்கினார். நியூசிலாந்திலும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலும் நடந்த ஆராய்ச்சிகளிலும் அதுவே தெரிந்தது.

டெலிவிஷன் தாய்

1991 ஜூலையில் ஒரு சம்பவம். இங்கிலாந்து டெலிவிஷனில் நிகழ்ச்சி நடத்தி நாடு முழுவதும் பெயர் பெற்றவர் ஆன் டயமண்ட். அவருடைய 4 மாத ஆண் குழந்தை செபாஸ்டியன் தொட்டிலில் இறந்து கிடந்தது.

அழுது ஓய்ந்ததோடு அவர் நிற்கவில்லை. மல்லாக்கப் படுக்க வைக்கும்படி நியூசிலாந்தில் ஏற்கனவே தாய்மார்களிடம் சொல்லி வருகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வந்தது. "இது எங்களுக்கு ஏன் சொல்லப்படவில்லை?" என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. இங்கிலாந்து அரசை விடாமல் நெருக்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரசாரம் தொடங்கியது. டெலிவிஷனில் அவரே தோன்றி, குழந்தையை மல்லாக்கப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சில ஆண்டுகளுக்குள் அந்த நாட்டில் தொட்டில் சாவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அமெரிக்காவில் 1992-ல் டாக்டர்கள் சங்கம் இதையே அறிவித்தது. 1994-ல் பெரிய அளவில் பிரசாரம் நடந்தது. அங்கும் சாவு பாதியாகக் குறைந்தது.

இதில் நெஞ்சைச் சுடும் விஷயம் ஒன்று உண்டு. லண்டன் டாக்டர் ரூத் கில்பர்ட்டும் மற்றவர்களும் பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் எடுத்துக் கூட்டிப் பார்த்து 2005-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இருந்த விவரங்களை ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்திருந்தால் 1970-லேயே உண்மை தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் 10 ஆயிரத்துக்கு மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50 ஆயிரம் குழந்தைகள் பிழைத்திருக்கும் என்பது அந்தக் கணக்கு. 20 ஆண்டு தாமதத்துக்கு இவ்வளவு விலை!

மூச்சு ஏன் நிற்கிறது?

குப்புறப் படுத்த சின்னக் குழந்தையின் மூக்கு படுக்கையில் புதைகிறது. தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது. உடம்புச் சூடும் வெளியேறாமல் ஏறுகிறது. பெரியவர்கள் என்றால் திடுக்கிட்டு விழித்துவிடுவோம். சில குழந்தைகளுக்கு அந்த விழிப்பு வருவதில்லை.

"குப்புறப் போட்டாத்தான் நல்லா தூங்குது" என்று சொல்கிறார்களே, அது உண்மைதான். ஆழ்ந்து தூங்குகிறது. அதுதான் ஆபத்தே!

பால் புரையேறும் பயத்துக்கும் பதில் உண்டு. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கிறது. உணவுக்குழாய் அதற்குக் கீழே இருக்கிறது. கக்கிய பால் கீழேதான் நிற்கும், மேலே ஏறாது. குழந்தை இருமும் அல்லது விழுங்கிவிடும். கவிழ்த்துப் போட்டால்தான் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது.

ஆபத்து மிகுந்த காலம் 1 மாதத்திலிருந்து 4 மாதம் வரை. இந்தச் சாவுகளில் 10-க்கு 9, ஆறு மாதத்துக்குள் நடப்பவை. அதாவது, தானாக உருளத் தெரிவதற்கு முந்திய மாதங்களில்தான் அதிகக் கவனம் வேண்டும். நம் தாய்மார்களோ அப்போது நிம்மதியாக இருந்துவிட்டு, உருண்ட பிறகு பதறுகிறார்கள்.

கோரைப்பாயே மேல்

படுக்கை விஷயத்தில் ஏழை வீடுதான் ஜெயிக்கிறது. டாக்டர்கள் கேட்பது தட்டையான, கெட்டியான படுக்கை. பக்கத்து வந்தவாசிக் கோரைப்பாயைத் தரையில் விரித்து, மேலே ஒரு துணியை இறுக்கமாக விரித்தால் போதும். உருண்டாலும் விழ இடமில்லை. ஆள் படுத்தால் அமுங்கும் இலவம் பஞ்சு மெத்தை, கடையில் ஆசையாக வாங்கும் பொசுபொசு படுக்கை எல்லாம் கைக்குழந்தைக்கு வேண்டாம்.

தலையணையே கூடாது. தலை உருண்டையாக வர வேண்டும் என்று சில வீடுகளில் வைக்கும் கடுகுத் தலையணையும் இதில் சேர்த்திதான். குழந்தை உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணையை அணை கட்டுகிறார்களே, அதுதான் இருப்பதிலேயே மோசம். உருண்ட குழந்தையின் முகம் நேராக அதில்தான் போய்ப் புதையும். துணியில் கை கால்களை இறுக்கிச் சுற்றுவதையும், உருள முயற்சி செய்த அன்றோடு நிறுத்திவிட வேண்டும். கை கட்டுண்ட குழந்தை கவிழ்ந்தால் எப்படித் திரும்பும்?

கத்திரி வெயிலில் குல்லா, ஸ்வெட்டர் மாட்டிவிடும் பழக்கமும் உண்டு. அதுவும் கூடாது. பீடி, சிகரெட் புகை இந்தச் சாவுக்கு ஒரு முக்கியக் காரணம் என்பது உறுதியான விஷயம். குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அப்பாவோ தாத்தாவோ புகைக்கக் கூடாது. குடித்துவிட்டு வந்தவர் குழந்தை பக்கத்தில் படுக்கவே கூடாது. தாயும் குழந்தையும் ஒரே அறையில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் குழந்தைக்கு ஒரு சின்னப் பாய் தனியாக இருப்பது நல்லது.

தூளி என்ன ஆவது?

தூளி இல்லாத வீடு ஏது? அழுகிற குழந்தையை அமர்த்த அதற்கு ஈடில்லை. ஆனால் புடவைத் தூளி தட்டையும் இல்லை, கெட்டியும் இல்லை. சின்னக் குழந்தையின் முகவாய் நெஞ்சில் இடித்துக்கொண்டு மூச்சு தடைபடலாம். உருளத் தொடங்கிய குழந்தை விளிம்பு வழியாகச் சரியலாம். ஆட்டித் தூங்க வைத்த பிறகு எடுத்துப் பாயில் மல்லாக்கப் போட்டுவிட வேண்டும். குழந்தை இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்தோ சுருட்டியோ வைப்பது நல்லது. பெரிய பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகள் தமிழ்நாட்டில் பலமுறை வந்திருக்கின்றன.

குழந்தை துவண்டு கிடந்தாலோ, உதடு நீலம் பாய்ந்திருந்தாலோ, மூச்சு சரியாக வராவிட்டாலோ யோசிக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். தலைகீழாகத் தூக்குவது, குலுக்குவது எல்லாம் கூடாது. மற்றபடி சந்தேகம் கேட்கத் தனியாக அலைய வேண்டியதில்லை. 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசிக்குப் போகும்போது, குழந்தையை எதில் எப்படிப் படுக்க வைக்கிறோம் என்று நர்சிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். ஆபத்துக் காலமும் அதேதான்.

தலை தட்டையாகும் கவலைக்கும் வழி இருக்கிறது. குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, குப்புறப் போட்டு விளையாட விடலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு 3 முதல் 5 நிமிடம் போதும். கழுத்தும் தோளும் பலப்படும். ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு முதுகில் எண்ணெய் தேய்க்கிறாரே, அதுவும் கிட்டத்தட்ட இந்தப் பயிற்சிதான்!

மல்லாக்கவே படுத்துப் பின்மண்டையில் முடி தேய்ந்து வழுக்கையாகிவிட்டதே என்று வருத்தப்படும் தாய்மார்களும் உண்டு. குழந்தை உட்காரப் பழகிய பிறகு அந்த முடி தானாக முளைத்துவிடும்.