எண்ணெய்க் கிணற்று மெதேனும் அரசினர் பொருளுதவியும்

மட்டக்களப்பு வாவியின் ஆழங்குறைந்த ஓரங்களிலே, கண்டல் வேர்களுக்கிடையிற் படிந்துள்ள கருஞ்சேற்றைக் கழியினாற் கிளறுவோர் குமிழிகள் நிரைநிரையாக மேலெழுதலைக் காண்பர். அக்குமிழிகளிற் கலந்துள்ள வாயுக்களுள் ஒன்று மெதேன். 1776ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ வோல்ட்டா என்பார் மஜோரே ஏரியின் நாணற் சேற்றை இவ்வாறே கிளறி, எழுந்த வாயுவைக் குப்பியிற் பிடித்து, அது தீப்பற்றி எரியும் இயல்பினது என்பதைக் கண்டறிந்தார். ஒட்சிசன் புகாத சேற்றிலே இலையும் வேரும் மட்கும்போது நுண்ணுயிர்கள் இதனை ஆக்குகின்றன. கடல்நீர் மிகுதியாகக் கலக்கும் முகத்துவாரப் பக்கத்தில் இவ்வாயு பொதுவாகக் குறைந்தும், நன்னீர் வந்து சேரும் இடங்களில் மிகுந்தும் தோன்றும். உப்புநீரிலுள்ள சல்பேற்றைக் கொண்டு வாழும் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம், மெதேனை ஆக்கும் கூட்டத்தின் உணவைப் பறித்துக்கொள்ளுதலே இதற்குக் காரணம். படுவான்கரையின் நீர் தேங்கிய வயல்களும் மெதேனைத் தருவனவேயாம்.

இவை இயற்கையும் உழவும் தரும் பங்கு. ஈண்டு நாம் ஆராயப் புகுவது, நிலத்தின் ஆழத்திலே பாறைகளுக்கிடையில் அடைபட்டுக் கிடந்து, மனிதன் துளையிட்டமையால் வெளிப்படும் மெதேனைப் பற்றியதாகும். இயற்கை வாயு என வணிகர் வழங்கும் பொருளின் பெரும்பகுதி மெதேனே. கிணற்றின் வாயிலிருந்து சுத்திகரிக்கும் நிலையம் வரையிலும், அங்கிருந்து குழாய்வழியே அடுப்பு வரையிலும் அது செல்லும் பாதையிற் கசிவுக்கு இடமில்லாத பகுதி அரிது. அமுக்கும் பொறிகளின் அடைப்புகள் தேய்கின்றன. எண்ணெய்த் தொட்டிகளின் மூடிகள் இறுக மூடப்படாது கிடக்கின்றன. வாயுவின் அழுத்தத்தாலேயே இயங்கும் பழைய அடைப்பிதழ்கள் ஒவ்வோர் அசைவிலும் சிறிது வாயுவை வெளிவிடுகின்றன. விற்க வழியற்ற வாயுவைக் கிணற்றருகே கொளுத்திவிடும் வழக்கமும் உண்டு. கொளுத்தப்பட்ட வாயுவில் நூற்றுக்கு 98 பங்கு எரிந்தொழியும் என்று நெடுங்காலம் கருதியிருந்தனர். டெக்சாஸ், வட டக்கோட்டா ஆகிய மாநிலங்களில் விமானத்திலிருந்து அளந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, அது ஏறக்குறைய 91 பங்கே எனக் காட்டிற்று. எஞ்சிய பங்கு எரியாமலே வானேறுகின்றது.

வானேறியதன் விளைவு சிறிதன்று. 100 ஆண்டுக் கணக்கிற் பார்ப்பின், ஒரு தொன் மெதேன் ஏறக்குறைய 28 தொன் காபனீரொட்சைட்டுக்கு இணையாக வெப்பத்தைத் தேக்கும். 20 ஆண்டுக் கணக்கிலோ 80 மடங்கையும் கடக்கும். ஆயினும் அதன் ஆயுள் குறுகியது. ஏறக்குறைய 12 ஆண்டுகளில் வளியிலிருந்து நீங்கிவிடும். ஆதலின் இன்று கசிவை அடைத்தால் அதன் பயனை இத்தலைமுறையினரே காண்பர். மணற்றிட்டுக்களிலே குடியிருந்து, கடலின் ஏற்றத்தையும் 1978 நவம்பர் 23ஆம் நாளின் சூறாவளியையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் எழுவான்கரை மக்களுக்கு இது ஏட்டுக் கணக்கன்று.

இனி, கசிவை அடைக்கும் செலவை யார் ஏற்பது என்னும் வினாவை நோக்குவாம். கசிந்து போவது குப்பையன்று, விலைபோகும் சரக்கு. எண்ணெய், வாயுத் தொழில்களின் மெதேன் வெளியேற்றத்தில் நூற்றுக்கு 40 பங்கு வரையில், மீட்ட வாயுவின் விலையே அடைக்கும் செலவை ஈடுசெய்யும் என அனைத்துலக எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது. அவ்வாறாயின் உடைமையாளர் தாமே அதனைச் செய்யாதிருப்பது ஏன்? அதே முதலைப் புதிய கிணற்றில் இட்டால் அதனினும் மிகுந்த ஊதியம் வருதலே முதற் காரணம். எண்ணெயையே நாடித் தோண்டிய இடத்தில் வாயுவைக் கொண்டுசெல்லக் குழாய் இல்லாமை மற்றொன்று. கசிந்ததை யாரும் அளவாமையின், இழப்பு கணக்கிலேயே ஏறாமை இன்னொன்று. இந்நிலையிலேதான் அரசினர் பொருளுதவி என்னும் பேச்சு எழுகின்றது. கரும்பு தின்னக் கூலியா என்று கேட்பாரும் உளர், அக்கேள்வி நியாயமற்றதன்று.

கனடாவின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. எண்ணெய் விலை வீழ்ச்சியும் தொற்றுநோயும் ஒருங்கே தாக்கிய 2020ஆம் ஆண்டிலே, அந்நாட்டரசு 75 கோடி கனேடிய டொலர் கொண்ட நிதியம் ஒன்றை அமைத்தது. மெதேனைக் குறைத்தலும், தொழிலாளரின் வேலையைக் காத்தலும் அதன் நோக்கங்கள். 2021 நவம்பரில் அந்நாட்டுச் சுற்றாடல், நிலைபேறான அபிவிருத்தி ஆணையாளர் இந்நிதியத்தைக் கணக்காய்வு செய்து அறிக்கை வெளியிட்டார். முதற் சுற்றில் ஏற்கப்பட்ட 40 திட்டங்களுள் 27இல், அப்பணம் தம் உற்பத்தியைப் பெருக்கவும் உதவும் என்று நிறுவனங்கள் தாமே எழுதியிருந்தமை அதனால் வெளிப்பட்டது. அரசின் துறையோ அவ்வாறு பெருகிய உற்பத்தியால் எழும் புகையைக் கணக்கிற் சேர்க்கவில்லை. சட்டம் முன்னரே கட்டாயமாக்கியிருந்த குறைப்பையும் நிதியத்தின் பயனாகக் காட்டியிருந்தது. ஒரு துளையை அடைக்கக் கொடுத்த பணம் மற்றொரு துளையைத் தோண்டத் துணைபோவதாயின் அதனைச் சுற்றாடற் செலவு என்று எழுதுவது எங்ஙனம்?

அமெரிக்க ஐக்கிய நாடு கொடையையும் தண்டத்தையும் இணைத்துப் பார்த்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் மெதேன் குறைப்புக்கென 155 கோடி டொலர் ஒதுக்கிற்று. அதில் 70 கோடி, மிகச் சிறிதளவே விளைவு தரும் பழங்கிணறுகளுக்கென வகுக்கப்பட்டது. அளவுக்கு மேற்பட்ட கசிவுக்குத் தொன்னொன்றுக்கு 900 டொலரில் தொடங்கி 1,500 டொலர் வரை ஏறும் கட்டணத்தையும் அதே சட்டம் விதித்தது. ஆனால் 2025 மார்ச்சில் அக்கட்டணத்தை அறவிடும் விதிகள் நீக்கப்பட்டன. அவ்வாண்டு யூலையில் கட்டணமே 2034 வரை ஒத்திவைக்கப்பட்டது. கொடை எளிதிற் செல்லும். தண்டம் எளிதிற் பின்வாங்கும். நோர்வே வேறு வழி சென்றது. அந்நாட்டின் கடலில் உற்பத்தி தொடங்கிய 1971 முதலே, பாதுகாப்புக்கு வேண்டியதன்றி வாயுவைக் கொளுத்துதல் தடுக்கப்பட்டது. 1991 முதல், கடலிற் கொளுத்தும் வாயுவின்மீது காபன் வரியும் வந்தது. அவ்விதியின் செலவைத் தொழிலே சுமந்தது.

இவற்றை ஒப்பிடுமிடத்து, பொதுப்பணம் செல்லத்தக்க இடங்கள் இரண்டே என்பது எம் கருத்து. ஒன்று, உடையார் அற்றுப்போன கிணறுகள். தோண்டியவர் முறிந்தோ மறைந்தோ போக, வாய் மூடப்படாது கசியும் இக்கிணறுகளுக்காக அமெரிக்கா 2021இல் 470 கோடி டொலர் ஒதுக்க நேர்ந்தது. மற்றொன்று, அளவை. கசிவை அளப்பதைக் கசியவிடுவோரிடமே விட்டுவிடுதல் கள்ளனிடம் சாவி கொடுத்தலை ஒக்கும். நியூசிலாந்து அரசும் பொருள் ஈந்து 2024 மார்ச்சில் ஏவப்பட்ட மெதேன்சாற் என்னும் செய்மதி, 2025 யூனில் தொடர்பிழந்ததாயினும், அதுவரை அளந்து தந்தவை வீணல்ல. உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் நீரை நம்பி உழும் கமக்காரனின் நிலையோ வேறு. வயலை இடையிடையே உலரவிட்டுப் பாய்ச்சும் முறை மெதேனைப் பாதியளவு வரை குறைக்கவல்லது. அதனால் அவன் கைக்கு வரும் கூடுதற் பணம் சொற்பம், வாய்க்காலைத் திருத்தும் செலவோ பெரிது. உதவி வேண்டுவோன் அவனே.

இலங்கையில் இன்று எண்ணெயும் வாயுவும் எடுக்கப்படவில்லை. ஆயினும் தேடுதல் புதிதன்று. பேசாலையில் 1970களில் சோவியத்து உதவியுடன் துளையிட்டனர். 2011இல் மன்னார்க் கடலில் கெயர்ன் லங்கா நிறுவனம் டொராடோ, பரகூடா என்னும் இரு கிணறுகளில் வாயுவைக் கண்டது. பின்னர் விலகிச் சென்றது. கிழக்கே நம் கடலிலும் ஜே.எஸ். 5, ஜே.எஸ். 6 எனக் குறிக்கப்பட்ட, ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கூட்டாக ஆராய்தற்கு 2016இல் பிரெஞ்சு நிறுவனமாகிய டோட்டலுடன் அரசு உடன்படிக்கை செய்தது. 2021ஆம் ஆண்டின் பெற்றோலிய வளங்கள் சட்டம் உரிமங்களை மேற்பார்க்கும் அதிகாரசபையையும் ஆக்கியுள்ளது.

ஆகவே கிழக்குக் கடலுக்கு உரிமம் எழுதப்படும் நாளில், கேட்கவேண்டியவற்றைக் கேட்கும் நிலையில் நாம் இருக்கின்றோம். பிற நாடுகள் கிணறுகள் தோண்டிய பின்னரே விதி தேடின. நமக்கோ முதற்கிணறும் இல்லை. பாதுகாப்புக்கன்றி வாயுவைக் கொளுத்தலாகாது. கசிவை உரிமம் பெற்றவர் அல்லாத பிறர் அளக்க வேண்டும். அவ்வளவைகள் மட்டக்களப்புக் கச்சேரியிலும் எவரும் பார்க்கக் கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிணற்றை இறுதியில் மூடி முத்திரையிடும் செலவு முழுவதையும், முதல் துளை இடுமுன்னரே வைப்புப் பணமாகத் திறைசேரியிற் கட்டிவிடல் வேண்டும்.