கணக்கின் விதி எங்கே இருத்தல் வேண்டும்?

கருங்குழியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் 1980ஆம் ஆண்டு வரை நிலக் கணக்கைக் கர்ணமே எழுதி வந்தார். ஒரு புல எண்ணைப் பிரிக்கும்போது உட்பிரிவுகளின் பரப்பைக் கூட்டினால் மூலப் புலத்தின் பரப்பே வருதல் வேண்டும் என்னும் விதி அவருடைய மனத்தில் இருந்தது. அவர் கவனமும் நேர்மையும் உடையவராயின் கணக்குப் பிழைபடாது; அல்லராயின் உழவர் நீதிமன்றத்துக்கு நடக்க நேரும். இன்று பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு ஆகியவற்றைக் கணினி காக்கின்றது. அவ்வாறாயின், கர்ணத்தின் மனத்திலிருந்த விதி இப்பொழுது எங்கே இருக்கின்றது? இவ்வினாவை எழுப்பும் உரிமை ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உண்டு. விடையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லில் எழுதிய விதி

நமக்கு வடமேற்கே உள்ள உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை அறியாதார் இலர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும், ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகள் அங்கே வெட்டப்பட்டன. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வருதல் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. முதற் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, இரண்டாவதில் 35 முதல் 70 வரை எனத் திருத்தப்பெற்றது. இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. விதி தனி மனிதர் மனத்தில் இராமல் யாவரும் காணும் இடத்தில் இருந்தது. விதி மாறியபோது அது மீண்டும் எழுதப்பட்டது. கணினிக் கணக்குக்கும் இவ்விரண்டுமே வேண்டற்பாலன.

தரவுத்தளம் என்பது யாது?

கணினியில் கணக்குகளை வரிசையும் பத்தியுமாக அமைந்த அட்டவணைகளில் வைத்து, ஓர் அட்டவணையை மற்றொன்றுடன் இணைத்துப் பார்க்கும் முறையை 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்தார். இதனை உறவுசார் தரவுத்தளம் என்பர். ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்.க்யூ.எல். சர்வர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவை இம்முறையில் எழுந்து ஒன்றோடொன்று போட்டியிடுவன. முதலிரண்டும் பெரும்பாலும் உரிமக் கட்டணம் செலுத்திப் பெறுவன. மைஎஸ்க்யூஎல் கட்டணமின்றியும் கிடைப்பது. போஸ்ட்கிரெஸ் முற்றிலும் திறந்த மூலத்தைச் சேர்ந்தது. அரசு அலுவலகங்கள் திறந்த மூல மென்பொருளையே முதன்மையாகக் கருதுதல் வேண்டும் என்னும் கொள்கையை மத்திய அரசு 2015இல் வெளியிட்டது. ஆகவே ஒரு தரவுத்தளத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறுவது இனி அடிக்கடி நிகழக்கூடியதே. மாறும் வேளையில்தான் விதிகள் தவறிப்போகின்றன.

விதி வைக்கும் நான்கு இடங்கள்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு புலத்தின் பரப்பு 1 ஹெக்டேர் 20 ஏர். அது மூன்று உடன்பிறந்தாருக்கு 50, 40, 30 ஏர் எனப் பிரிக்கப்படுகின்றது. எழுதுவோர் 40க்குப் பதிலாக 45 என்று பதிந்துவிட்டால் கூட்டுத்தொகை 125 ஏர் ஆகிவிடும். மிகுந்த 5 ஏர், அதாவது ஏறத்தாழ 12 சென்ட், எந்த மண்ணிலும் இல்லாத நிலமாகும். அதை அடகு வைக்கலாம், விற்கவும் செய்யலாம், பின்னர் வரப்புச் சண்டைதான் மிஞ்சும். இப்பிழையைத் தரவுத்தளமே தடுக்க நான்கு வழிகள் உள.

முதலாவது கட்டுப்பாடு. பரப்பு சுழியினும் மிகுதியாக இருத்தல் வேண்டும், ஒரே உட்பிரிவு எண் இருமுறை வருதல் கூடாது என்பன போன்றவற்றை அட்டவணையிலேயே பொறித்துவிடலாம். ஏரியின் கலங்கலுக்கு மேல் நீர் தங்காதது போல, இதற்கு யாருடைய ஆணையும் வேண்டுவதில்லை. ஆனால் பல வரிகளைக் கூட்டிப் பார்க்கும் வேலையை இக்கட்டுப்பாடு செய்யாது.

இரண்டாவது டிரிகர். ஒரு வரி சேர்க்கப்படும்போதோ திருத்தப்படும்போதோ தானே எழுந்து சரிபார்க்கும் சிறு நிரல் இது. எழுதுவோர் அருகில் நிற்கும் மேற்பார்வையாளரைப் போன்றது.

மூன்றாவது சேமித்த செயல்முறை. இதனை ஸ்டோர்டு புரொசீஜர் என்பர். ‘உட்பிரிவு செய்க’ என்று ஒரே ஆணையாக அழைத்தால், மூலப் புலத்தை மூடுவது, உட்பிரிவுகளை எழுதுவது, கூட்டுத்தொகையை ஒப்பிடுவது, பட்டாதாரர் பெயர்களைச் சேர்ப்பது ஆகிய யாவற்றையும் முறையாகச் செய்யும். இடையில் ஒரு படி தவறினும் அனைத்தையும் முன்னிருந்தபடியே மீட்டுவிடும்படி இதனை எழுதலாம்.

நான்காவது போஸ்ட்கிரெஸில் மட்டும் ‘ரூல்’ என்னும் பெயரில் சிறப்பாக வளர்ந்தது. இது வரியைக் காப்பதன்று. வந்த ஆணையையே நிறைவேறுமுன் வேறோர் ஆணையாக மாற்றி எழுதுவது. மனு எழுத்தரிடம் சேருமுன் அதைத் திருத்தி எழுதி அனுப்புவதற்கு ஒப்பாகும். வலிமையுடையதாயினும் எதிர்பாராத விளைவு தரவல்லது. டிரிகரே புரிந்துகொள்ள எளியது என்று அத்தரவுத்தளத்தின் கையேடே கூறுகின்றது.

போட்டியாளர்களின் வேறுபாடுகள்

பெயர் ஒன்றாயினும் நடை வேறு. சைபேஸ் நிறுவனம் 1987இல் சேமித்த செயல்முறையையும் டிரிகரையும் தன் தரவுத்தளத்தில் தந்தது, எஸ்.க்யூ.எல். சர்வர் அதன் வழி வந்தது. ஆரக்கிள் 1992இல் வெளியிட்ட 7ஆம் பதிப்பில் இவற்றைக் கொணர்ந்தது. மைஎஸ்க்யூஎல் 2005இல்தான் இவற்றைப் பெற்றது. போஸ்ட்கிரெஸ் நெடுங்காலம் சார்புகளையே பயன்படுத்தி, 2018இல் 11ஆம் பதிப்பில் செயல்முறையைத் தனி வகையாகச் சேர்த்தது. ஒவ்வொன்றின் நிரல் மொழியும் வேறாதலால், ஒன்றில் எழுதிய செயல்முறை மற்றொன்றில் அப்படியே ஓடாது. திரும்ப எழுதியே ஆகவேண்டும்.

டிரிகரிலும் வேற்றுமை உண்டு. எஸ்.க்யூ.எல். சர்வரில் ஓர் ஆணைக்கு ஒருமுறையே அது எழும். 100 வரிகள் ஒருங்கே மாறினாலும் ஒரே அழைப்புத்தான். ஒரு வரியே வரும் என்று எண்ணி எழுதியவர் எஞ்சிய 99 வரிகளைக் காணத் தவறுவார். மைஎஸ்க்யூஎல்லில் வரிதோறும் எழுவது மட்டுமே உண்டு. ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் இருவகையும் உள. எனினும் ஆரக்கிளில், வரிதோறும் எழும் டிரிகர் தான் காக்கும் அட்டவணையையே திரும்பப் படிக்க முயன்றால் பொதுவாகப் பிழை காட்டி நின்றுவிடும். ஆதலின் மேலே கூறிய கூட்டுத்தொகைச் சோதனையை அங்கு ஆணை முடிவில் எழும் டிரிகரிலோ செயல்முறையிலோ வைத்தல் வேண்டும்.

கட்டுப்பாடுகளிலும் ஏமாற்றம் நேரலாம். மைஎஸ்க்யூஎல், மதிப்பைச் சோதிக்கும் ‘செக்’ என்னும் கட்டுப்பாட்டை எழுத இடந்தந்து, 2019இல் வந்த 8.0.16 பதிப்பு வரை அதைச் செயற்படுத்தாமலே விட்டது. பலகையில் விதி இருந்தது, காவல் இல்லை. மேலும், வெற்றுச் சொல்லை ஆரக்கிள் ‘மதிப்பு இல்லை’ என்றே கொள்ளும்; மற்றவை அதனையும் ஒரு மதிப்பாகக் கொள்ளும். எனவே தந்தை பெயர் காலியாக இருத்தல் கூடாது என்று ஆரக்கிளில் எழுதிய விதி, மற்றொன்றில் வெற்றுப் பெயரை உள்ளே விட்டுவிடும்.

மொத்தமாக ஏற்றும்போது வரும் தீங்கு

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பழைய பதிவுகளைப் புதிய தரவுத்தளத்தில் விரைந்து மொத்தமாக ஏற்றும்போது காவலர்கள் உறங்கிவிடுவர். எஸ்.க்யூ.எல். சர்வரின் மொத்த ஏற்ற ஆணை, கேட்டுக்கொண்டாலன்றி டிரிகர்களை எழுப்பாது. ஆரக்கிளின் நேர்வழி ஏற்றமும் அவ்வாறே. போஸ்ட்கிரெஸின் ‘காப்பி’ ஆணை டிரிகர்களை எழுப்பும், ரூல்களை எழுப்பாது.

இதன் விளைவை நாம் நேரில் கண்டுள்ளோம். நம் பணிக்காலத்தில் ஓர் அலுவலகத்தின் பயனாளிப் பட்டியல் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பதிவே என்னும் விதி டிரிகராக இருந்தது. மொத்த ஏற்றத்தின்போது அது எழவில்லை. ஒரு குடும்பம் இருமுறை ஏறிற்று. கைம்பெண் ஒருவரின் பெயர் ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்கு வெளியே தள்ளப்பட்டது. கணினி தந்தது என்று நம்பி நாமும் அதில் ஒப்பமிட்டோம். கிராம சபையில் பட்டியலை உரக்கப் படித்தபோது, எழுத்தறிவு மிகுதியும் இல்லாத வார்டு உறுப்பினர் ஒருவரே, “இந்த வீடு முன்னேயே வந்துவிட்டதே!” என்றார். அன்று விதியைக் காத்தது அவர் நினைவேயன்றிக் கணினி அன்று.

நாம் செய்ய வேண்டுவன

என்றும் மாறாத விதியைக் கட்டுப்பாடாகவே வைக்கச் சொல்லுக. ஆண்டுதோறும் மாறும் வரி வீதத்தை நிரலுக்குள் புதைக்காமல், யாவரும் காணும் ஓர் அட்டவணையில் வைக்கச் சொல்லுக. பல படிகள் கொண்ட வேலையைச் செயல்முறையாக அமைப்பது நன்று. டிரிகர்கள் குறைவாக இருத்தல் நலம். மறைந்து செய்யும் வேலையைப் பின்வருவோர் அறியார்.

மென்பொருள் மாறும்போது, விதிகளின் பட்டியலைத் தமிழில் எழுதித் தரும்படி ஊராட்சி கேட்டல் வேண்டும். சோதனைப் படியில் ஒவ்வொரு விதிக்கும் மாறான பதிவொன்றை வேண்டுமென்றே இட்டு, அது மறுக்கப்படுகிறதா என்று காட்டச் சொல்லல் வேண்டும். பழைய கணக்கின் வரி எண்ணிக்கையும் தொகையும் புதியதனோடு ஒத்துள்ளனவா என்று பார்த்த பின்னரே ஒப்பமிடுதல் தகும்.

உழவர் பெருமக்கள் தங்கள் புல எண்ணின் உட்பிரிவுகளை ஆண்டுக்கொருமுறையேனும் கூட்டிப் பார்ப்பாராக. வேறுபாடு காணின் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் எழுத்து வழியே தெரிவித்து, ஒப்புகை பெறுவாராக.

உத்தரமேரூர்ச் சபையார் விதியைக் கல்லில் வெட்டியதோடு நில்லாது, இரண்டே ஆண்டுகளில் அதைத் திரும்பப் படித்துத் திருத்தினர். நாமும் நம் கணக்கின் விதிகளைப் படிக்கக் கேட்போமாக.