மங்களமும் துள்ளிசையும்: சேலம், நாமக்கல் திருவிழா மேடைகளில் நிறைவுப் பாடல்

கச்சேரியை எப்பாடலில் தொடங்குவது என்பதில் இசைக்குழுவினருக்கு ஐயம் எழுவதில்லை. விநாயகரோ முருகனோ முன்வந்துவிடுவர். எதில் முடிப்பது என்பதே சிக்கல். சேலம், நாமக்கல் சமவெளியில் மாரியம்மன் திருவிழாக்களை ஒட்டி நிகழும் மெல்லிசைக் கச்சேரிகளை முன்வைத்து இச்சிக்கலை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கருநாடக இசை மேடையில் இதற்கு இடமில்லை. அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890-1967) நிலைபெறச் செய்த கச்சேரி முறையில் வர்ணம் முதலிலும் மங்களம் இறுதியிலும் அமையும். இடைப்பட்டவற்றைப் பாடகர் தம் விருப்பப்படி அமைக்கலாம், மங்களத்தை விடுவதில்லை. தியாகராசர் சௌராட்டிர இராகத்தில் இயற்றிய மங்களமே பெரும்பாலும் ஒலிக்கும். மத்தியமாவதியில் முடிப்பதும் வழக்கு. பாட்டில் நேர்ந்த பிழைகளை அவ்விராகம் போக்கிவிடும் என்பது நம்பிக்கை. இதற்கு இசையியல் காரணமும் கூறலாம். அதன் ஐந்து சுரங்களுள் சட்சம் நடுவில் நிற்க, ச-ப உறவின்படி மேல்நோக்கிப் பஞ்சமமும் ரிடபமும், கீழ்நோக்கி மத்திமமும் நிடாதமும் பிறக்கின்றன. இருபுறமும் சமன்பட்ட இவ்வமைப்பு தம்புராவின் சுருதியோடு எளிதில் இயைந்து செவியை அமைதிப்படுத்துகிறது எனக் கருதலாம். விடிய விடிய ஆடப்படும் தெருக்கூத்தும் மங்களம் பாடியே முடிகிறது. இவை யாவும் தணிந்து முடிபவை.

மெல்லிசை மேடை இதற்கு நேர்மாறானது. பக்திப் பாடல், பழைய திரைப்பாடல், இணைப்பாடல் என நகர்ந்து உச்ச வேகத்தில் முடிவதே அதன் இயல்பு. முதியோரும் குழந்தைகளோடு வந்த பெண்களும் முன்னரே வீடு திரும்ப, இறுதிவரை மேடை முன் நிற்போர் இளைஞர்களே. அவர்கள் எதிர்பார்க்கும் குத்துப்பாட்டை முன்னரே பாடிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே அது இருப்பாக வைக்கப்படுகிறது. கூட்டத்தில் அயலூர் விழாக் குழுவினரும் இருக்கக்கூடும். அடுத்த வாய்ப்பை அவர்கள் இறுதியாகக் கேட்ட பாடலும் தீர்மானிக்கிறது. இதை வெறும் வணிக உத்தி என ஒதுக்குவது பொருந்தாது என்பது என் கருத்து. கலைஞர்களுக்குத் திருவிழாக் காலமே வருவாய்க் காலம்.

இத்தேர்வைச் சட்டமும் நெருக்குகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி இயங்கலாகாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டிற்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வு வழங்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. தளர்வு இல்லாத நாளில் பொன்னாடைகளும் அன்பளிப்பு அறிவிப்புகளும் நீளுந்தோறும் பாட்டுக்குரிய நேரம் குறைகிறது. விருப்பப் பாடல் சீட்டுகளோ குவிந்துகொண்டே இருக்கும். இந்நிலையில் பல பாடல்களின் பல்லவிகளைக் கோத்த தொகுப்பு கைகொடுக்கிறது. எவ்விடத்தில் நிறுத்தினும் குறையாகத் தோன்றாது. முழுப் பாடலைச் சரணத்தின் நடுவே நிறுத்த நேர்ந்தால் பாடகருக்கு அது பெருங்குறை.

மங்களம் இம்மேடையில் முற்றிலும் மறையவில்லை. துள்ளிசை ஓய்ந்தபின் அறிவிப்பாளர் ஊராருக்கும் ஒலி, ஒளி அமைத்தோருக்கும் நன்றி கூறி அம்மன் அருளை வேண்டும் சில நொடிகளில் அது உரைநடையாக எஞ்சுகிறது. சாமி ஊர்வலம் அதற்குள் திரும்பிப் பம்பை ஒலி நெருங்கிவிட்டால் அந்த நன்றியுரைக்கும் நேரமிராது.